நந்தா விளக்கும் சாவா மூவாப் பேராடும்

கோயில் மண்டபத்துக் குழல்விளக்கின் மேல், உபயம் என்று தொடங்கி, கொடுத்தவரின் பெயரும் ஊரும் சிவப்பு எழுத்தில் எழுதப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை; ஒளியைத் தானமாகக் கொடுத்தவர் அந்த ஒளியிலேயே தம் பெயரும் தெரிய வேண்டுமென்று ஆசைப்படுவது மனித சுபாவந்தான். ஆனால் அதே மண்டபத்தில் எரிந்துகொண்டிருந்த நாற்பது வாட் விளக்கைக் கழற்றிவிட்டு, பாதி மின்சாரத்தில் அதே வெளிச்சத்தைத் தரும் எல்.இ.டி. விளக்கை ஒருவர் மாட்டிக் கொடுத்தாரானால், அவர் கொடுத்தது எது? வெளிச்சம் நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. செலவாகாமல் நின்றுபோன ஏதோ ஒன்றுதான் அவருடைய தானம். அதன் மேல் பெயர் எழுத இடமில்லை.

இருப்பதைக் கொடுப்பது தானம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வீணாவதைத் தடுப்பதும் தானமாகுமா? ஆகுமென்றே வைத்துக்கொண்டாலும், அதை அவரவர் தம் வீட்டில் தம் காசில் செய்துகொள்ள வேண்டியதிருக்க, ஊரார் கட்டிய வரிப்பணத்தைக் கொண்டு ஒருவர் வீட்டு விசிறியையும் கூரையையும் சீர்செய்து கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? சிக்கனம் தனிமனிதனுடைய நற்குணம், நற்குணத்தைக் கஜானாவிலிருந்து விலைக்கு வாங்கித் தர முடியாது என்று சொல்பவர்களின் ஆட்சேபத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் சுயமரியாதை இருக்கிறது. எனினும், அந்த ஆட்சேபம் ஏழை வீட்டின் பிரத்தியட்ச நிலையை எட்டிப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேலே பழைய விசிறி ஒன்று. 75 வாட் இழுக்கும். கோடையில் அது நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் சுழன்றால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அந்த நூறில் எழுபத்திரண்டை அந்த ஒரு விசிறியே தின்றுவிடுகிறது. பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லும் புதுவகை விசிறி அதே காற்றை முப்பது வாட்டுக்குள் தருகிறது. கணக்குப் போட்டால் 29 யூனிட். மிச்சம் 43. இந்த நாற்பத்துமூன்றின் லாபம் யாருக்கு? நூறு யூனிட்டுக்குள் காலம் தள்ளும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு காசும் இல்லை. அவர்களுடைய கட்டணம் முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். மின்வாரியத்துக்கு அந்த யூனிட்டுகளுக்காக மானியம் செலுத்திவரும் அரசாங்கத்துக்கே, அதாவது வரி கட்டும் ஊராருக்கே, அந்த லாபம் போய்ச் சேருகிறது. பலன் ஊராருக்கு வந்து சேரும்போது, விசிறியின் கூடுதல் விலையை மட்டும் அந்த ஏழை தன் நற்குணத்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது தர்மமாகாது.

வாடகை வீட்டின் கதை இதைவிடக் கடினமானது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் நடுநிசியிலும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. விசிறி கீழே தள்ளுவது அனலைத்தான். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் உஷ்ணம் குறையும் என்பது நம் கொத்தனார்கள் எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் பூச வேண்டியவர் வீட்டுக்காரர், வேகிறவர் குடியிருப்பவர். பூசுவதால் வீட்டுக்காரருக்கு வாடகை கூடுவதில்லை. அடுத்த வருஷம் காலிசெய்யச் சொன்னால் போக வேண்டியவர் தம் பணத்தைப் பிறர் தளத்தில் போடத் துணிவதில்லை. இருவரும் நல்லவர்களே, இருவர் கணக்கும் சரியே, தளம் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. தனிமனிதர்களின் நற்குணம் எவ்வளவு பெருகினாலும் நிரம்பாத இத்தகைய இடைவெளிகளில் இறங்கி வேலைசெய்யத்தான் பொதுப்பணம் என்ற ஒன்றை மனித சமூகம் ஏற்படுத்திக்கொண்டது.

வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அதற்கு அடுத்த அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது ஒரு தர்மம். ஊரோடு வாழ்பவன் ஊரின் பொதுநன்மைக்கு உதவுவது வேறொரு தர்மம். விசிறிக்கும் கூரைக்கும் செலவிடும் பணத்தை இலவசம் என்று ஒரு சாராரும் மானியம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். இரண்டும் ஈகையின் பாஷை. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. ஒப்புரவில் அந்த உயரமும் தாழ்வும் இல்லை.

இந்த ஒப்புரவை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக நடத்தினார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் சாட்சி. ஒரு நந்தா விளக்கு இடையறாது எரிய வேண்டுமானால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், பசுவானால் 48, எருமையானால் 16 என்று அளவிட்டு நிவந்தம் வைத்தார்கள். விடப்பட்ட ஆடுகள் சாவா மூவாப் பேராடு எனப்பட்டன; கிழடு சாகும், குட்டி பிறக்கும், ஆனால் ஏற்றுக்கொண்ட இடையன் கணக்கில் தொண்ணூற்றாறு என்றைக்கும் தொண்ணூற்றாறாகவே நிற்க வேண்டும். எரிவது நெய், மந்தை எரிவதில்லை. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடுவது என்ற இந்த ஒரே நியதியின் மேல்தான் அந்த விளக்குகள் நின்றன.

இன்று நாம் எரிப்பது எதை? நெய்வேலியில் பூமியைப் பிளந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரி எந்த மந்தையின் விளைவும் அன்று; எண்ணற்ற யுகங்கள் மண்ணுக்குள் சேர்ந்து கிடந்த முதல் அது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1945-இல் வெளிவந்த நிலைபேற்றுப் பொருளியல் பற்றிய தம் நூலில், எடுக்க எடுக்கக் குறைகிற சேமிப்பைச் சார்ந்த வாழ்க்கையையும், ஓடிக்கொண்டே இருக்கிற இயற்கையின் வரவைச் சார்ந்த வாழ்க்கையையும் பிரித்துக் காட்டி, முன்னது போட்டிக்கும் ஹிம்சைக்கும் வழிவகுக்கும் என்று எச்சரித்தார். அவர் கண்ணால் பார்த்தால், நம்முடைய விளக்குகள் ஆட்டையே அறுத்து எரிக்கும் விளக்குகள். அந்த 43 யூனிட்டை மிச்சப்படுத்துவது, இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் பங்குள்ள ஒரு மந்தையில் நம் கை படாமல் ஒதுங்கி நிற்பது. பிறக்காதவர்கள் வரி கட்டுவதில்லை, வோட்டும் போடுவதில்லை. அவர்கள் சார்பில் செலவிடக்கூடிய பணம் பொதுப்பணம் ஒன்றுதான். வீணாவதைத் தடுப்பதும் தானமே என்று நான் துணிந்து சொல்வது இதனால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, பொதுப்பணம் எங்கே தவறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1983-இல் தொடங்கி 2002 வரை மத்திய அரசாங்கம் புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் மானியத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டன. விறகும் மிச்சம், தாய்மாரின் கண்ணும் நெஞ்சும் மிச்சம் என்ற அந்த நோக்கம் உத்தமமானது. ஆனால் எத்தனையோ வீடுகளில், ஓரிரு மழைக்காலம் போவதற்குள் புகைக்குழாயில் கரி அடைத்துக்கொண்டது. ஓட்டுக்கு மேலே நீட்டியிருந்த பகுதி உடைந்து மழைத் தண்ணீர் அடுப்புக்குள் ஒழுகியது. அண்டாவுக்கேற்ற வாய் சட்டிக்குப் பெரிதாயிருந்தது. சீர்செய்ய ஆளில்லை, எண்ணிக்கை காட்டியதோடு இலாகாவின் வேலை முடிந்திருந்தது. பெண்கள் பேசாமல் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தார்கள். அவர்களை அறியாமை உடையவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அது பெரும் அநியாயம். விளக்குக்குப் பணம் ஒதுக்கினோம், ஆட்டை மேய்ப்பவனுக்கு ஒதுக்கவில்லை. தஞ்சைக் கல்வெட்டுகளிலோ, எந்த இடையன் எத்தனை ஆட்டை ஏற்றான், அவன் தவறினால் நெய்க்குப் பொறுப்பான உறவினர் யார் என்பதெல்லாம் பெயர் பெயராக வெட்டப்பட்டிருக்கின்றன. கொடுத்தவரின் பெயருக்குக் கொடுத்த அதே கல்லை மேய்ப்பவனின் பெயருக்கும் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1976-இல் இயற்றிய சட்டத்தின்படி, வருமானம் குறைந்தவர்களின் வீடுகளைக் குளிருக்கு இசைவாகச் சீர்செய்யும் திட்டம் இன்றும் நடந்துவருகிறது. வேலை தெரிந்த ஒருவர் வந்து, முன்வாசலில் ஒரு விசிறியைப் பொருத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்து, எந்த ஜன்னலின் எந்த இடுக்கில் குளிர்காற்று புகுகிறதென்று பார்த்து அடைக்கிறார். முடிந்த பிறகு மறுபடியும் ஒருவர் வந்து சோதித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மேய்ப்பவனுக்கும் கூலி உண்டு என்பதை அவர்கள் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். நம் நாட்டில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டமும் ஒருவகையில் பெரும் சாதனை. 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை மொத்தமாகக் கேட்டதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது, 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளைச் சேர்ந்தன. ஆனால் பல்பை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம்; விசிறிக்கும் தளத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தெரிந்த கை வேண்டும்.

மிச்சப்படுத்தினால் ஜனங்கள் அதற்கும் சேர்த்து அதிகமாகச் செலவழிப்பார்களே என்ற சந்தேகம் பழையது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி யந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியதை 1865-லேயே எடுத்துக்காட்டினார். அது உண்மையே. ஆனால் இரவெல்லாம் ஒரு விசிறியின் கீழ் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில், மிஞ்சிய யூனிட்டைக் கொண்டு கிழவிக்கென்று இன்னொரு விசிறி சுழன்றால், அதை விரயம் என்று எழுதும் கணக்கை நான் ஏற்கமாட்டேன். குளிரூட்டிய மாளிகையில் மிஞ்சியது மறுபடி மாளிகைக்கே போனால் அது வேறு விஷயம். ஆகையால்தான் பொதுப்பணம் முதலில் எந்த வீட்டு வாசலுக்குப் போகிறது என்பது இந்த விஷயத்தில் பாதி தர்மம்.

குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் நம் ஊர்களில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கட்டிய மின்கட்டணத்தை அங்கே வாய்விட்டுப் படிக்கலாம். எத்தனை வீட்டில் விசிறி மாறியது, அவற்றுள் எத்தனை பழுதாகி நிற்கிறது, பழுது பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி எழுதி வைக்கலாம். மிஞ்சிய மானியத்தில் ஒரு பங்கு எங்கள் ஊருக்குத் திரும்பி வருமா, அதிலிருந்து இந்த ஊர் மின்பணியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாமா என்று, நூறு யூனிட்டுக்குள் காலம் தள்ளும் வீட்டுப் பெண்கள் எழுந்து கேட்பதற்கும் அங்கே சட்டப்படி இடமிருக்கிறது.