அங்கே இல்லாதவனின் குற்றம்

1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அன்றிலிருந்து சிக்காகோ தியாகிகளின் பெயர்கள் நம் மேடைகளில் ஒலித்துவருகின்றன. தூக்குமேடையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சாட்சிக் கூண்டைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அந்தக் கூண்டுதான் முக்கியமாகப் படுகிறது.

எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள், 1886 மே 4 இரவு, ஹேமார்க்கெட்டில் கூட்டம். சிக்காகோ மேயர் ஹாரிசனே வந்து கேட்டுவிட்டு, அமைதியாகத்தான் நடக்கிறது என்று வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகு போலீஸ் படை வந்து கலையச் சொன்னது. யாரோ குண்டு வீசினான். ஏழு போலீசார் இறந்தார்கள். போலீஸ் திருப்பிச் சுட்டதில் தொழிலாளிகளும் செத்தார்கள். எட்டுப் பேர் மீது கொலை வழக்கு.

அந்த எட்டுப் பேரில் பலர், குண்டு வெடித்தபோது அங்கே இல்லை. பார்சன்ஸ் பேசி முடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த செப்ஃப் மண்டபத்துக்குப் போயிருந்தார். கூட்டத்துக்கு மனைவி லூசியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்தவர் அவர். குண்டு போடத் திட்டம் போட்டவன் பிள்ளைகளையா கூட்டிவருவான்? ஷ்வாப் வேறொரு தொழிலாளர் கூட்டத்தில் பேசப் போயிருந்தார். எங்கல் தன் வீட்டில் இருந்தார். குண்டு வெடித்த பிறகு எங்கலின் வீட்டுக்குப் போனதையும், அங்கே அவர் நண்பர்களோடு இருந்ததையும் சொன்னவன் வாலர். அவன் அரசுத் தரப்புச் சாட்சி!

‘அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை’ என்பதைத்தான் சட்டத்தில் அலிபி என்கிறார்கள். பணக்காரனுக்கு அது சுலபம். அவன் எங்கே இருந்தான் என்பதற்குக் கணக்குப் புத்தகம் இருக்கும், மதிப்புள்ள சாட்சி இருக்கும். கூலிக்காரனுக்கு? ராத்திரி பத்து மணிக்கு அவன்கூட வேற யாரு இருப்பா? பெண்டாட்டி இருப்பாள், கூட வேலை செய்யறவன் இருப்பான். அவர்கள் வாயைத் திறந்தாலே ‘வேண்டப்பட்ட சாட்சி’ என்று ஒதுக்கிவிடலாம்.

சிக்காகோவில் நடந்தது அதைவிட மோசம். அங்கே அலிபியைப் பொய் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. குண்டு வீசியவன் யாரென்று தெரியாவிட்டாலும், இவர்கள் செய்த சதியின் விளைவாகவே அது வீசப்பட்டது என்று ஜூரிகள் நம்பினால் போதும் என்றார் நீதிபதி கேரி. ‘எங்கே இருந்தாய்?’ என்ற கேள்வி போய், ‘நீ யார், என்ன பேசினாய்?’ என்ற கேள்வி வந்துவிட்டது. முதல் கேள்விக்குச் சாட்சி பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நம் சேரி எரிகிறபோது பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏவிவிட்டவன், ‘நான் அங்கே இல்லையே’ என்றால் விட்டுவிடுவோமா? விட மாட்டோம். தூண்டியவனும் குற்றவாளிதான். அப்படியானால் கேரி சொன்னது சரிதானா?

இல்லை என்கிறேன். ஏவியவனைத் தண்டிக்க வேண்டுமென்றால், அவன் சொல்லுக்கும் தீ வைத்த கைக்கும் இடையிலுள்ள கயிற்றைக் காட்ட வேண்டும். சிக்காகோவில் அந்தக் கையே யாருடையது என்று தெரியாது. அந்தக் கைக்குரியவன் இவர்கள் பேச்சைக் கேட்டானா, பத்திரிகையைப் படித்தானா என்பது எப்படித் தெரியும்? கயிறு இல்லாத இடத்தில் கருத்தைக் கயிறாக்கினார்கள். அந்தக் கயிற்றில்தான் தூக்கு.

பார்சன்ஸ் போலீசிடம் சிக்கவில்லை, விஸ்கான்சினில் மறைந்திருந்தார். விசாரணை தொடங்கிய 1886 ஜூன் 21 அன்று தானாகவே கோர்ட்டுக்குள் நடந்து வந்து தோழர்களோடு உட்கார்ந்தார். அங்கே இல்லாதவர், இங்கே இருப்பேன் என்று வந்தார். ஜூரிகளுக்கு அதுவும் சாட்சியமாகப் படவில்லை. 1887 நவம்பர் 11 அன்று அவரையும் எங்கலையும் ஸ்பீசையும் ஃபிஷரையும் தூக்கிலிட்டார்கள். லிங் முதல் நாளே சிறையில் இறந்துபோனார்.

1893இல் இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட் வழக்குப் பதிவுகளைப் படித்தார். குண்டு வீசியவனோடு இவர்களுக்குத் தொடர்பு இருந்ததாக அரசு நிரூபிக்கவே இல்லை என்று எழுதி, மிஞ்சியிருந்த ஷ்வாப், ஃபீல்டன், நீபே மூவரையும் விடுவித்தார்.

கோர்ட்டில் தோற்ற சாட்சியம் பதிவில் இருந்தது. ஏழு வருஷம் கழித்து ஒருவர் படிக்க முடிந்தது அதனால்தான். செத்தவர்களுக்கு அது உதவவில்லை. ஆனாலும், கலவரம் நடந்த ஊருக்கு உண்மையறியப் போகும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோர்ட்டு ஏற்காது என்று தெரிந்தாலும், ‘அந்த ராத்திரி அவன் என்கூடத்தான் இருந்தான்’ என்று ஒரு கிழவி சொன்னால், நாள், நேரம், இடத்தோடு அதை எழுதி வையுங்கள்.