பால் பகுப்பும் அறமும்

ஒருவரை ஆண் என்றும் பெண் என்றும் வகுப்பது உடலா, உள்ளமா? இவ்வினா இன்று பல நாடுகளில் வழக்காகியுள்ளது. தம் பால் இன்னதெனத் தாமே உரைக்கும் உரிமை ஒருவர்க்கு உண்டென்று 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ, அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்னும் சொல் உடற்பாலையே குறிக்கும் என்றது. பால் மாறியோர்க்கு அச்சட்டம் தரும் காப்பு நீங்காது என்றும் கூறிற்று.

நம் ஆகமங்கள் இவ்விரண்டையும் பிரித்தே கண்டன. உடலமைப்பாகிய திரவிய வேதம் நாம கர்மத்தால் வருவது. உள்ளத்து வேட்கையாகிய பாவ வேதம் மோகனீய கர்மத்தால் வருவது. இவை பெரும்பாலும் ஒத்திருக்கும், சிலரிடத்து மாறுபடும் என்கிறது நேமிசந்திரரின் கோமட்டசாரம். இக்காலத்தார் கூறும் பால் அடையாளமும் பாவ வேதமும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும், உடலைக் கண்டு உள்ளத்தை முடிவு செய்யலாகாது. உள்ளத்தைக் காட்டி உடலை மறுக்கவும் ஆகாது என்னும் தெளிவை இப்பகுப்பு தருகிறது. மருத்துவத்திலும் விளையாட்டுப் போட்டியிலும் உடலைப் பற்றி வினவுவது பகைமையன்று. ஒருவரை எவ்வாறு அழைப்பது என்பது வேறு வினா.

சமண முனிவராகிய பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் வைத்தார். அஃறிணை போலக் கொள்வதற்கும் இடமளித்தார். இவற்றுள் எதனைக் கொள்வது என்பதை இலக்கணம் நமக்கே விட்டது.

அந்நூற்பாவைப் பல்லாண்டு நடத்தியவள் நான். ஒருநாள் அதனை விளக்குகையில், நடையிலும் பேச்சிலும் பெண்மை தோன்றிய மாணவன் ஒருவனை நோக்கி வகுப்பே நகைத்தது. நான் நகைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. நூற்பாவை மனப்பாடம் செய்யுமாறு கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றேன். சில நாள்களில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினையே என்பது நம் சமயம். அன்றைய என் மௌனம் மூன்றாவது வகை. உயிர்க்கு ஆண்மையும் இல்லை, பெண்மையும் இல்லை என்று நாள்தோறும் சிந்திக்கும் நாம், ஒருவர் வேண்டும் சொல்லால் அவரை அழைப்பதில் இழப்பது யாது? சட்டத்தின் வரையறையை மன்றங்கள் ஆராயட்டும். நம் இல்லத்திலும் வகுப்பறையிலும் எழும் நகைப்பைத் தடுக்க எந்தத் தீர்ப்பும் வேண்டியதில்லை. பெரியோர் இதனைச் சிந்திப்பாராக.