சித்தாள்

ராஜபாளையத்தில் வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் தேடுவது கொத்தனாரை. அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். அகராதிக்கு அவர் வெறும் கொத்தன். 'ஆர்' சேர்த்தது ஜனங்களின் வாய். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அவர் ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்க்கும்போது, பணம் போட்ட வீட்டுக்காரரே மூச்சு விடாமல் நிற்கிறார். அந்த நிமிஷத்தில் பிறந்த மரியாதையாக இருக்கலாம். மேஸ்திரி என்ற சொல்லோ போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தது. வந்தபோதே அதிகாரத்தோடு வந்தது.

சித்தாள் நம்முடைய சொல். சிறு ஆள், சிற்றாள், சித்தாள். பேரன் பேத்தி எடுத்தவளானாலும் கட்டிடத்தில் அவள் சிறு ஆள்தான். மணல் சலிப்பவள் அவள். சும்மாட்டின்மேல் செங்கல் அடுக்கிச் சாரம் ஏறுபவளும் அவளே. கலவை இறுகுமுன் சட்டி மேலே போய்ச் சேராவிட்டால் கொத்தனாரின் கரண்டிக்கு வேலை ஏது?

கையாளாகச் சேர்ந்த பையன் சில வருஷங்களில் கரண்டி பிடித்துவிடுகிறான். ஒரு நாள் அவனுக்கும் 'ஆர்' வந்துவிடுகிறது. முப்பது வருஷம் சுமந்தவள் சித்தாளாகவே வீடு திரும்புகிறாள். கொத்து வேலை பழகிய பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சாரத்தின்மேல் அவர்களைக் காண்பது அபூர்வம். கீழே நின்று அத்தனை காலம் பார்த்தவளுக்கு மட்டம் பிடிக்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கரண்டியை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் வேலை ஒன்றாக இருந்தால்தானே அதற்கு வேலை? அவர் கொத்தனார், இவள் சித்தாள் என்று பெயரிலேயே பிரித்துவிட்டால், சனிக்கிழமை சாயங்காலம் கூலியைக் குறைத்துக் கொடுப்பவர் எந்தச் சட்டத்தையும் மீறியவர் ஆகமாட்டார். இந்தச் சாமர்த்தியத்தை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. சொல் பழக்கத்தில் இருந்தாலே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைக் கேட்கும்போது ஒரு கூச்சம் உண்டாகிறது. பதினோரு நிலைக் கோபுரம் உள்ள அந்த ஊரின் நாயகி ஆண்டாள். இலக்கணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன்; காதுக்கு இரண்டும் 'ஆள்' என்றே முடிகின்றன. அந்தக் கோபுர உச்சிக்கும் யாரோ ஒருவர் தலையில் வைத்துத்தான் சுண்ணாம்பு ஏற்றியிருக்க வேண்டும்.