எதற்குப் பழகுவது?

டூபாவுக்குப் புது மவுத்பீஸ் மாட்டினால் உதடு பழக மூணு நாலு வாரமாவது ஆகும். பழைய மவுத்பீஸ் உட்கார்ந்த இடத்தில் உதட்டுத் தசை அதற்கேற்ப இறுகியிருக்கும். புதுசு கொஞ்சம் அகலம் கூடியிருந்தாலே போதும், விளிம்பு பழகாத சதையில் போய் அழுத்தும். டூபா மவுத்பீஸின் உள்வாய் சுமார் 32 மில்லிமீட்டர். டிரம்பெட்டுக்கு அதில் பாதிதான். கிண்ணம் ஆழமாக இருந்தால் கீழ்ச்சுரம் கனமாக விழும், ஆனால் மேலே போக மூச்சு பத்தாது. ஆழம் குறைந்தால் மேல்சுரம் சுலபம், அடிச்சுரம் சோகை பிடித்த மாதிரி கேட்கும். தண்டு குழாயில் சரியாக உட்காரவில்லை என்றால் சுதியே நகர்ந்துவிடும். காகிதம் சுற்றி ஒப்பேத்துகிறவர்களும் உண்டு.

நான் கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் கல்யாண ஊர்வலங்களில் டூபா ஊதிக் கஞ்சி குடிக்கிறவன். என் தாத்தா பறை அடித்தார். அப்பா பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்தார். நான் ஊதுகிறேன். புது மவுத்பீஸில் உதடு தடித்து எரிந்தபோது மாஸ்டர் சொன்னார்: "பழகிட்டா சரியாப் போயிரும்டா." கல்யாண வீட்டில் கொல்லைப்புறத்தில் எங்களுக்குத் தனியாக இலை போட்டதைச் சொல்லி நான் பொருமியபோது அம்மாவும் இதையேதான் சொன்னாள்: "பழகிட்டா சரியாப் போயிரும்யா."

வாக்கியம் ஒன்றுதான். ரெண்டும் ஒன்றா? எனக்கு இதுதான் கேள்வி.

நாயனக்காரரின் சீவாளியைப் பாருங்கள். அது தட்டையில் செய்தது. எச்சிலில் ஊறும், வாயில் இளகும். கையில் நாலைந்து சீவாளி வைத்திருப்பார், ஒத்துவராததைக் கழட்டி எறிவார். அங்கே பொருள் கொஞ்சம் மனுசனுக்கு இணங்கி வருகிறது. பித்தளை அப்படியில்லை. அது அரை நூல் அசையாது, உதடுதான் இணங்கணும். ஊரும் சேரியும் இருக்கிற இருப்பில் ஊர் எப்போதும் பித்தளை, நாம் எப்போதும் உதடு. "அனுசரிச்சுப் போங்கப்பா" என்கிற புத்திமதி இதுவரைக்கும் உதட்டுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

இதே கானாடுகாத்தானில் நடந்ததாகத் திராவிட இயக்க மேடைகளில் பலமுறை சொல்லப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. கல்யாண ஊர்வலத்தில் நாயனம் வாசித்த மதுரை சிவக்கொழுந்து, வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். பெரிய மனுசர்களுக்குப் பொறுக்கவில்லை, துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. கோயிலுக்குள் வாசிக்கிற நாயனக்காரரின் தோளுக்கே அந்தக் கதி என்றால், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறைக்காரனின் தோளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அவன் பக்கத்தில் எந்த அழகிரி நின்றார்?

கானாடுகாத்தான் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு 8 தடைகள் விதித்தார்கள். சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது என்பது அதில் ஒன்று. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. கல்யாணத்துக்கும் விசேசத்துக்கும் மேளம் வைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. ஊரான் வீட்டுச் சாவுக்கு அடிக்கலாம், தன் வீட்டுத் தாலிக்கு மேளம் கூடாது!

இன்றைக்கு நான் சரிகை வைத்த சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஊதுகிறேன். பாட்டன் கோட்டுப் போட்டால் குற்றம். பேரன் கோட்டுப் போடவில்லை என்றால் கூலி கிடையாது. இதை விடுதலை என்று கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை, ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியவில்லை. டூபா 1835இல் பெர்லினில் உரிமம் பெற்ற வாத்தியம். பட்டாளத்து பேண்டில் வளர்ந்தது. நம்ம ஊரில் அதற்குப் பரம்பரைச் சொந்தக்காரன் எவனும் இல்லை, அதனால்தான் எங்கள் கைக்கு வந்தது. ஆனாலும் ஊதி முடித்ததும் பித்தளைக்கு ஒட்டாத சாதி ஊதினவனுக்கு ஒட்டிக்கொள்கிறது. அதே கொல்லைப்புறம், அதே தனி இலை.

பறையை விட்டொழிக்கணும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பறைதான் நம் கலை, மேடையேற்றணும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாத்தியத்தை வைத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. எந்த நிபந்தனையில் அடிக்கிறோம், ஊதுகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்கணும்.

எனக்குத் தெரிந்த உரைகல் ரெண்டு. ஒன்று, வலித்தால் கழட்டி வைக்க முடிகிறதா? மவுத்பீஸை என்னால் கழட்ட முடியும். ஒருநாள் உதட்டை ஆறப்போட்டு மறுநாள் ஊதலாம், பிடிக்கவில்லை என்றால் பழசுக்கே போகலாம். தனி இலையை அப்படிக் கழட்ட முடியவில்லை. எழுந்து வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு செட்டுக்கு முன்பணம் போய்விடும், என்னோடு இன்னும் பத்து வீட்டு அடுப்பு அணையும். இரண்டு, பழகின பிறகு கிடைத்தது என்ன? மவுத்பீஸ் பழகினால் நேற்று வராத சுரம் இன்றைக்கு வரும், உடம்பு ஒன்றைக் கூடுதலாகக் கற்றிருக்கும். தனி இலை பழகினால் என்ன வரும்? வலி தெரியாமல் போகும், அவ்வளவுதான். வலி போனது காயம் ஆறியதாலா, மரத்துப்போனதாலா என்று பார்க்கணும். முதலாவது பழகுவது, ரெண்டாவது பழக்கப்படுத்தப்படுவது. பொறுமை என்று பெயர் வைத்து ரெண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

தனி ஆளாக எழுந்து வா என்று யாருக்கும் நான் உபதேசம் சொல்ல மாட்டேன். பசியோடு இருக்கிறவனிடம் வீரம் கேட்பது சுலபம். சிவக்கொழுந்துக்கு ஓர் அழகிரி பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. நமக்கு நாமேதான் பக்கத்தில் நிற்கணும். இந்தச் சுற்றுவட்டாரத்துச் செட்டுகள் எல்லாம் ஒன்றுகூடி, பந்தியில் இடம் இல்லை என்றால் ஊர்வலத்தில் சத்தம் இல்லை என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லணும். ஒரு செட்டு சொன்னால் வேறு செட்டு வரும். எல்லாச் செட்டும் சொன்னால் ஊர்வலம் ஊமையாகத்தான் போகணும்.

உதடு எத்தனை மவுத்பீஸுக்கு வேண்டுமானாலும் பழகட்டும், அது தொழில். மனசு பழகவேண்டிய பித்தளை எதுவும் இல்லை.