வழியில் வாய்க்கும் தனிமை

தனிமையை நாடுவோர் மனிதர் நடமாட்டமற்ற இடத்திற்குச் செல்வதே முறையென நாம் எண்ணி வந்திருக்கிறோம். காடும் குகையும் ஆற்றங்கரையும் தவத்திற்கு உரியவை என்பது நம் இலக்கியங்கள் காட்டும் மரபு. அவ்வாறாயின், இக்காலத்தில் திருத்தலப் பயணம் மேற்கொள்ளும் ஒருவன் தனிமையை எங்கே காண்பான்? அவன் செல்லும் வழியெல்லாம் கூட்டம். கூட்டம் உள்ள இடத்தில் தாமதமும் உடன்பிறந்தாற்போல் வந்து நிற்கிறது.

நமக்கு நன்கு அறிமுகமான பத்துமலைத் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி இரதம், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மலையடிவாரத்தை அடைய மறுநாள் ஆகிவிடுகிறது. அருச்சனைத் தட்டுகளுக்காக இரதம் நிற்கிறது. குவித்து வைத்த தேங்காய்கள் உடைபடும் வரை நிற்கிறது. சில வேளைகளில் நமக்குக் காரணம் விளங்காமலும் நிற்கிறது. உடன் நடந்து வருவோர் இதனைத் தாமதம் என்று சொல்வதில்லை. ஆயின், அதே மனிதர் மறுநாள் 272 படிகளின் அடியில் நெரிசலில் அகப்பட்டு நிற்கும்போது கைக்கடிகாரத்தைப் பன்முறை திருப்பிப் பார்க்கிறார். இரண்டும் நிற்றல்தானே! வேறுபாடு யாது? முதல் நாள் அவர் இரதத்தோடு நின்றார். இப்பொழுதோ பார்ப்பதற்கு முன்னால் நிற்பவரின் முதுகன்றி வேறொன்றும் இல்லை. தம்மோடு தாமே இருக்க வேண்டிய நிலை வந்துவிட்டது; அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் நான் எழ வேண்டும். மணி அடித்தால் அமர வேண்டும். அங்கு நான் தலைமையாசிரியன். வீட்டிற்கு வந்தால் தந்தை. சங்கக் கூட்டத்திற்குச் சென்றால் செயலவை உறுப்பினன். இப்பெயர்கள் யாவும் நம்மைச் சுமப்பன போலத் தோன்றினும் உண்மையில் நாமே அவற்றைச் சுமக்கிறோம். நகராத வரிசையில் இவற்றுள் எதுவும் செல்லுபடியாவதில்லை. எனக்குக் கட்டளையிடுவார் அங்கில்லை. என் கட்டளைக்குக் காத்திருப்பாரும் இல்லை. சைவப் பெரியோர் 'சும்மா இருத்தல்' என்று போற்றிய பெருநிலைக்கு இது ஈடாகாதுதான். எனினும் அதன் வாயிற்படியில் நம்மை வலியக் கொண்டுவந்து நிறுத்துவது இத்தாமதமே.

2021-ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளின் காரணமாகத் தைப்பூசத்தன்று பக்தர்கள் பத்துமலையில் கூட இயலவில்லை. ஆளில்லாமைதான் தனிமை என்றால் அவ்வாண்டு நாம் பெருமகிழ்ச்சி அடைந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் நெரிசலைக் குறைகூறியவர்களே அதனை நினைத்து ஏங்கியதைத்தான் நான் கேட்டேன். ஆகவே தனிமை என்பது பிறர் இல்லாமை அன்று. பிறரிடையே இருந்தும், அவர்களுக்கு முன்னால் ஒரு வேடம் பூணாமல் இருத்தலே அது. பக்கத்தில் ஒரு குழந்தை தாகத்தால் அழும்போது கண்களை இறுக மூடிக்கொண்டு மந்திரம் சொல்பவர் தனிமையில் இல்லை. தம் பக்திக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். தண்ணீர்ப் பாத்திரத்தை நீட்டிவிட்டு மீண்டும் மௌனத்திற்குத் திரும்புபவரிடம் அம்மௌனம் கலைவதில்லை.

தாமதத்தையே பெயராகப் பெற்ற அடியார் ஒருவர் நம்மிடையே உண்டு. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே ஆதனூர் நந்தனார் திருநாளைப்போவார் ஆனார் என்கிறது பெரியபுராணம். திருப்புன்கூரில் நந்தி விலகியது. தில்லையிலோ ஊரின் எல்லையை அடைந்த பின்னரும் உள்ளே புகத் துணியாமல் புறத்தேயே வலம் வந்துகொண்டிருந்தார். அந்த நாள்களில் அவர் பெற்றிருந்த அகத்தனிமை, தடையின்றிச் சந்நிதிக்குச் சென்று வந்தவர்களுக்கு வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

இவ்விடத்தில்தான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். நந்தனாரைத் தாமதிக்கச் செய்தது மழையோ வெள்ளமோ அன்று, சாதி. காத்திருந்தவர் தம் பொறுமையால் பெற்ற பயனைக் காட்டி, காக்க வைத்தவர்களின் குற்றத்தைக் கழித்துவிட முடியாது. இன்றும் கட்டணம் செலுத்துவோர் விரைந்து செல்லத் தனி வழி அமைத்துள்ள கோயில்கள் பல. பொது வரிசையில் கால் கடுக்க நிற்கும் மூதாட்டி, 'இதுவும் முருகன் சோதனை' என்று தமக்குள் சொல்லிக்கொள்வாரானால் அது அவருடைய ஞானம். அதே சொல்லை நிருவாகத்தார் ஒலிபெருக்கியில் சொல்வாராயின் அதற்கு வேறு பெயர் உண்டு. இயற்கை தரும் தாமதத்தையும் மனிதர் சுமத்தும் தாமதத்தையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றும் ஆன்மிகம் எனக்கு உடன்பாடன்று.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் புகுந்தார் என்று வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்கிறது. "ஐயா, தீயில் இறங்க வேண்டியவர் அவர்தாமா?" என்று அம்மாணவர் கேட்கிறார். அன்றைய பாடம் மணி அடித்த பின்னும் முடிவதில்லை.