நாய்க்குடையும் அபயதானமும்

இரவெல்லாம் இடியுடன் பெய்த மழை ஓய்ந்த காலைப்பொழுது. முந்தைய நாள் வெறுந்தரையாய்க் கிடந்த கொல்லைப்புறத்தில், மட்கிய மரத்தூரைச் சுற்றி வெண்குடைகள் விரிந்து நிற்கின்றன. விதைத்தவர் இல்லை, நீர் வார்த்தவரும் இல்லை. வீட்டுச் சிறுவன் ஓடிச் சென்று அவற்றைக் காலால் எற்றுகிறான். "நாய்க்குடைதானே! பேய் முளைத்ததுபோல் முளைத்திருக்கிறது, மிதித்துப் போடு" என்று பெரியவர்களும் கூறுகிறோம். அனந்தகாயம் என்று கருதிக் காளானை நாவால் தீண்டாத நாம், அதனைக் காலால் சிதைக்கக் கூசுவதில்லை. இது அறத்தோடு பொருந்துமா?

காட்டுக்காளான் மனிதனை அச்சுறுத்தக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில், மழைக்கால இரவுகளில், மட்கிய கட்டைகளில் படர்ந்த சில காளான்கள் பசிய ஒளி உமிழ்கின்றன. அறியாதவர் கொள்ளிவாய்ப் பேய் என்று நடுங்கினால் வியப்பில்லை. ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட 'மரணத்தொப்பி' என்னும் காளானோ இன்னும் கொடியது. உண்டபின் 6 மணி நேரத்திற்கும் மேலாக யாதொரு துன்பமும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் கண்டு, நோய் தணிந்ததுபோல் ஒரு மயக்கம் காட்டும். அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை.

வெப்பமண்டலக் காடுகளில் எறும்பின் உடலுள் புகும் பூஞ்சை ஒன்று உண்டு. அது பற்றிய எறும்பு தன் கூட்டத்தை விட்டு நீங்கிச் செடியில் ஏறி, இலையின் அடிநரம்பைக் கவ்வியபடியே உயிர்விடும். பிறகு அதன் தலைப்பின்புறத்தைப் பிளந்துகொண்டு பூஞ்சையின் காம்பு நீளும். பேய் பிடித்தல் என்பதற்கு இதனினும் பொருத்தமான காட்சி ஏது?

ஆயினும் சற்று ஆராய்வோம். நாம் காணும் குடை காளானின் கனி போன்றதே. அதன் உடல் நூலிழைகளாய் மண்ணுள்ளும் மரத்துள்ளும் பரந்து கிடக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் காடொன்றில் ஒரே பூஞ்சை ஏறத்தாழ 965 எக்டேர் பரப்பில் படர்ந்துள்ளது; அதன் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகலாம் என அறிவியலார் கணிக்கின்றனர். மட்கிய மரத்தை மீண்டும் மண்ணாக்குவதும், நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேர்களுக்கு உணவு சேர்ப்பதும் பூஞ்சைகளே. முன்னறிவிப்பின்றி ஓரிரவில் எழும் பேய் அன்று அது. நெடுங்காலம் மறைவில் உழைத்து, மழை கண்டு வெளிப்படும் உயிர்.

"அப்படியாயின் குடையை உதைப்பதால் உள்ளிருக்கும் உயிர் மாய்வதில்லையே; இதில் இம்சை எங்கே?" என்று சிலர் வினவலாம். உடலுக்கு நேரும் ஊறு திரவிய இம்சை. உள்ளத்தில் எழும் கொடுமை பாவ இம்சை. ஊறு சிறிதாயினும், வெறுப்போடு ஓங்கிய கால் உள்ளத்தை முன்னரே மாசுபடுத்திவிட்டது. எறும்பைக் கொல்லும் பூஞ்சை ஓரறிவுயிர். அதற்கு மனமில்லை, பகையுமில்லை. மனம் பெற்ற நாமோ அச்சத்தைப் பகையாக்கி, அப்பகைக்குப் பேய் என்று பெயரிடுகிறோம்.

இதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. நஞ்சென்று அஞ்சிக் காளானை விலக்குபவன் தன்னைக் காத்துக்கொள்கிறான். உயிரென்று இரங்கி விலக்குபவன் அறத்தைக் காக்கிறான். 'இது நஞ்சற்றது, பண்ணையில் வளர்த்தது' என்று விருந்தில் ஒருவர் பரிமாறினால், முன்னவனின் விரதம் அக்கணமே முறிந்துவிடும். நம் பிள்ளைகள் விடுதிகளிலும் வெளியூர்களிலும் உண்ணும் இக்காலத்தில், அவர்களுக்கு நாம் அச்சத்தை ஊட்டினோமா, இரக்கத்தை ஊட்டினோமா என்பது விளங்கும் இடம் அதுவே.

சுடுகாட்டில் தவமிருந்த முனிவரை அச்சுறுத்த வந்த நீலியை நாம் அறிவோம். முனிச்சந்திரர் அவளுக்கு அஞ்சவுமில்லை, அவளை வெறுக்கவுமில்லை. அதனாலன்றோ பேயாய் வந்தவள் அறம் கேட்டு நீலகேசியானாள்! மழையில் தளிர்க்கும் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதிருக்கவே துறவியர் சாதுர்மாசத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர். நான்கு மாதங்கள் நடைப்பயணத்தையே நிறுத்திவைக்கும் மரபில் வந்த நாம், கொல்லைப்புறத்தில் ஓர் அடி விலகி நடத்தல் அரிதோ?

அடுத்த மழையில் குடைகள் மீண்டும் விரியும். அப்போது சிறுவனின் கையைப் பற்றி, "தொடாதே, உண்ணாதே" என்று சொல்வதோடு நில்லாமல், "மிதியாதே, அதுவும் வாழட்டும்" என்றும் சொல்வோம். அதுவே நம்மால் இயன்ற அபயதானம்.