அன்னம் உடம்பாதல்

சமிபாட்டைப் படத்திற் காட்டுமுன், ஒரு பிடி சோற்றைப் பிள்ளை நெடுநேரம் மென்றிருக்கச் செய்க. சிறிது சிறிதாக இனிப்புத் தோன்றும். உமிழ்நீர் மாப்பொருளை வெல்லமாக்கத் தொடங்கிற்று என்பதற்கு அவன் நாவே சாட்சி. பின்னர் இரைப்பையின் அமிலமும், ஈரலின் பித்தமும், சதையியின் நீரும் தத்தம் தொழிலைப் புரிய, ஏறத்தாழ 20 அடி நீண்ட சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் அன்னசாரத்தை ஏற்றுப் பெரும்பாலும் குருதியிற் சேர்க்கும். இவற்றுள் ஒன்றேனும் நமது ஏவலால் நடப்பதன்று. நாம் உறங்கும்போதும் நடக்கின்றது. இதனைத் திருவருட்செயலென வணங்காது வேறென் செய்வோம்!

இவற்றைத் தமிழிற் சொல்லல் அரிதென்பார் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தனர். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ அச்சேறிற்று. அவர் சமயம் வேறாயினும் அத்தொண்டை மறத்தல் நமக்கு அழகன்று.

இன்னுமொன்று. ஒருகொடவத்தையிலே, பெற்றோர் விடியுமுன் வேலைக்கேகும் வீடுகளிலிருந்து வெறுவயிற்றோடு வரும் பிள்ளைகளும் உளர். அத்தகையானிடம் இரைப்பையின் தொழிலை வினவுமுன், “உண்டனையோ?” என வினவுக. இல்லையென்பானாயின், பாடத்தைப் பிற்பொழுதுக்கு ஒதுக்கி, அவனை முதற்கண் உண்பிக்க.